கண்ணில்லாத் துடைப்பம்

திருநாள் அணுகுங்கால் இல்லத்தைத் தூய்மை செய்தல் நம் நாட்டினர் யாவர்க்கும் பொதுவானதொரு வழக்கமாகும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதலும், ஒட்டடை அடித்தலும், பரணில் ஏறிப் பழம்பொருள்களை இறக்குதலும், வேண்டாதனவற்றை முற்றத்தில் குவித்தலும் அந்நாள்களில் எவ்வில்லத்தும் காணத்தக்கன. அங்ஙனம் குவிக்கப்பட்டவை தெருவுக்குச் செல்லுமுன், அவ்வில்லத்து மூதாட்டி ஒருவர் வந்தமர்ந்து, குவியலைக் கையாற் கிளறி, 'இது இருக்கட்டும். அது போகட்டும்' என்று வகை பிரிப்பார். புதியதுபோல் தோன்றும் கூடையொன்றை எறியச் சொல்லும் அவரே, மூடியில்லாத தகரப் பெட்டியொன்றை முந்தானையால் துடைத்து மீண்டும் பரணுக்கு அனுப்புவார். காரணம் வினவினாற் கூறமாட்டார். இளைஞராகிய நாம் நகைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். நாம் நகைத்த அச்செயலின் அருமையை யாம் சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையிற் பெருவிலை கொடுத்து அறிந்தோம். எமக்கு நேர்ந்த இழப்பினை நண்பர்க்கு உரைப்பின், அவருள் ஒருவரேனும் அத்தகையதினின்று தப்புதல் கூடும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எம் இல்லம் திருச்செந்தூர்ப் பகுதியின் செம்மணல் தேரியை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. கூடத்தின் ஒரு மூலையில், அன்னையார் பூவேலை செய்த துணியொன்றாற் போர்த்தப்பெற்று எம் குடும்பத்துக் கணிப்பொறி வீற்றிருக்கும். தமிழாசிரியராகிய தந்தையார் அதில் வினாத்தாள்களைத் தட்டெழுதுவார். அன்னையார் ஆலயத்து மாதர் சங்கத்தின் கணக்குகளை எழுதி வைப்பார். தம்பி திரைப்படங்களை இறக்கி நிரப்புவான். யாம் எம் பாடக் குறிப்புகளைச் சேர்த்து வைப்போம். ஊர்ப்பொதுக் கிணறுபோலப் பலரும் புழங்கும் பொருளாதலின், அதனுள் எவருடையது எங்குள்ளது என்பதனை ஒருவரும் முழுதும் அறியார்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஒரு நன்முயற்சியை மேற்கொண்டோம். வாழ்க்கைத் தொழில்களைச் சார்ந்த சொற்கள் பல இன்னும் அகராதியேறாது மக்கள் நாவில் மட்டும் உயிர்த்திருக்கின்றன என்று எம் ஆனர்ஸ் வகுப்பு ஆசிரியர் கூறியது எம் உள்ளத்தைத் தைத்திருந்தது. எம் ஆச்சியோ இளமை முழுதும் பனங்காட்டிற் கழித்தவர். பாளை சீவுதல், கலயத்திற்குச் சுண்ணாம்பு தடவுதல், விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தல் ஆகிய யாவும் அவர்க்குக் கைவந்தவை; தளைநார், முருக்குத்தடி முதலிய சொற்கள் அவர் பேச்சில் இயல்பாக வந்து விழும். திண்ணையில் அமரச் செய்து ஒன்பது மாலைப்பொழுதுகளில் அவர் பேச்சினைக் கைப்பேசியிற் பதிவு செய்தோம். ஒரு நாள் அவர் தாலாட்டொன்று பாடினார்; இடையே ஓரடி மறந்துபோக, 'கிழவிக்கு எல்லாம் போச்சு' என்று தம்மைத் தாமே நகைத்துக்கொண்டு விட்ட இடத்தினின்று மீண்டும் தொடங்கினார். அந்நகையும் பதிவாயிற்று.

கைப்பேசியில் இடம் குறைந்தமையால், அவ்வொன்பது பதிவுகளையும் வாட்ஸாப் வழியாக எம் கணிப்பொறிக்கு மாற்றினோம். மாற்றியவை டவுன்லோட்ஸ் என்னும் கோப்புறையிற் போய்த் தங்கின. அவற்றிற்கெனத் தனியிடம் அமைத்துப் பெயரிட்டு வைக்க வேண்டும் என்று எண்ணினோம், ஆனாற் செய்திலோம். ஆறு பதிவுகளின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி முடித்தோம்; எஞ்சிய மூன்றனைப் பின்னர் எழுதலாம் என்றிருந்தோம். பின்னர்ப் புதிய கைப்பேசியொன்று வாங்கியபோது பழைய உரையாடல்களும் ஒழிந்தன. புரட்டாசித் திங்களில் ஆச்சி இறைவனடி சேர்ந்தார்.

மார்கழியில் விடுமுறைக்கு வந்தபோது கணிப்பொறி மிகவும் மெலிந்து நடந்தது. ஒரு கோப்பினைத் திறக்க அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று நீர் பருகி வரலாம். இலவசமாகக் கிடைக்கும் துப்புரவுச் செயலியொன்றை இறக்கி நிறுவினோம். அது தன் ஆராய்ச்சியை முடித்ததும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிழைகள் உள்ளன என்று செந்நிற எழுத்திற் காட்டிற்று. மருத்துவர் முகம் வாடக் கண்ட நோயாளிபோல் யாம் அஞ்சினோம். 'அனைத்தையும் சரிசெய்க' என்றொரு பெரிய பொத்தான் நடுவில் ஒளிர்ந்தது. அதன்கீழ் நீண்டதொரு பட்டியல் சிறிய எழுத்தில் இருந்தது. அதனை யாம் படித்திலோம். பொத்தானை அழுத்தினோம். சில நிமிடங்களில் 'உங்கள் கணிப்பொறி தூய்மையாயிற்று' என்னும் பச்சை எழுத்துத் தோன்றியது. யாமும் பெருமிதத்தோடு தந்தையாரை அழைத்துக் காட்டினோம்.

திருநாளன்று மாலை சுற்றத்தார் கூடியிருந்தனர். ஆச்சி இல்லாத முதற்றிருநாள் அது. அன்னையார் எம்மை நோக்கி, 'ஆச்சி பாடியதைக் கொஞ்சம் போடேன். கேட்டு நாளாகிறது' என்றார். அனைவரும் கணிப்பொறியைச் சூழ்ந்தனர். யாம் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தோம். அது வெறுமையாக இருந்தது. ரீசைக்கிள் பின்னைத் திறந்தோம். அதனையும் அச்செயலி கூட்டித் துடைத்திருந்தது. பின்னர் அப்பட்டியலை ஆராய்ந்தபோது, டவுன்லோட்ஸ் என்னும் பெயருக்கு நேரே குறியிடப்பட்டிருந்ததனையும், அக்குறியினை எடுத்துவிட எமக்கு இடம் தரப்பட்டிருந்ததனையும் கண்டோம். ஒருவரும் எம்மைக் கடிந்திலர். அன்னையார், 'சரி, விடு' என்று மட்டும் கூறி அடுக்களைக்குச் சென்றார். கடிந்திருப்பின் எமக்கு ஒருவாறு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அக்கணிப்பொறியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் கூறியதனைக் கேட்டபின்னரே, அழித்தல் என்பது யாது என்பதனை யாம் அறிந்தோம். சுழலும் தட்டினையுடைய பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பினை அழித்தால், அக்கோப்பு உடனே மறைவதில்லை. அவ்விடம் காலியாக உள்ளது என்னும் குறிப்பு மட்டுமே எழுதப்படும். வேறொன்று அதன்மேல் எழுதப்படுமளவும் பழையது அடியிற் கிடக்கும். உரிய கருவிகொண்டு அதனை மீட்டல் கூடும். எமது பொறியிலோ வேகத்தின் பொருட்டு முந்திய ஆண்டில் எஸ்.எஸ்.டி. பொருத்தப்பட்டிருந்தது. அதில், கோப்பு அழிந்தவுடன் டிரிம் என்னும் கட்டளையால் அவ்விடங்கள் இனி வேண்டாதவை என்று தட்டுக்கு அறிவிக்கப்படும். தட்டும் தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையிலேயே வெறுமையாக்கிவிடும். பகல் முழுதும் முயன்றும் ஒரு பதிவேனும் அவர்க்குக் கிட்டவில்லை. மும்பையிலுள்ள அத்தைக்கு யாம் முன்பு அனுப்பியிருந்த தாலாட்டு மட்டும் அவர் கைப்பேசியில் இருந்தது. ஆறு பதிவுகளின் சொற்கள் குறிப்பேட்டில் உள. எழுதாது விட்ட மூன்றும் போயின. தட்டினை நிரப்பி எம் பொறியை மெலிவித்தவை தம்பியின் திரைப்படங்களே என்று அவர் கூறினார். அவை வேறொரு கோப்புறையில் இருந்தமையால் ஒன்றும் அழியாது நலமாக இருந்தன!

நிற்க. இத்தகைய செயலிகள் எவற்றைக் குப்பையெனக் கொள்கின்றன என்பதனைச் சிறிது ஆராய்வோம். முதலாவது, தற்காலிகக் கோப்புகள். உலாவி தான் ஒருமுறை கண்ட பக்கங்களின் படங்களை அடுத்த முறை விரைந்து காட்டுதற்பொருட்டுச் சேர்த்து வைக்கும். அவற்றைத் துடைத்தால் இடம் கிடைக்கும். ஆயின் மறுமுறை அப்பக்கங்கள் முன்னிலும் மெதுவாகவே திறக்கும். சில நாள்களில் அவ்விடம் மீண்டும் நிரம்பும். இதனால் நேரும் கேடு சிறிது, நன்மையும் சிறிது.

இரண்டாவது, ரெஜிஸ்ட்ரி. இஃது 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக அவ்வமைப்பின் நடுநாயகமாக விளங்கும் பதிவேடு. எந்நிரல் எங்குள்ளது, எக்கோப்பினை எது திறக்கவேண்டும், எக்கருவி எங்ஙனம் இயங்கவேண்டும் என்பன போன்ற குறிப்புகள் அதில் எண்ணிறந்து உள. நீக்கப்பட்ட நிரல்களின் குறிப்புகள் சில எஞ்சியிருத்தல் உண்மையே. துப்புரவுச் செயலிகள் பிழையெனக் காட்டுவனவற்றுட் பல இவையே. பெருநூலகத்தின் பொருளட்டவணையில் தொலைந்த நூலொன்றன் பெயர் இருப்பதனால் பிற நூலைத் தேடுவார்க்குக் காலம் நீளுமோ? நீளாது. அதுபோல, இவற்றை நீக்குதலால் கணிப்பொறி விரைவதில்லை. வேண்டிய குறிப்பொன்று தவறுதலாக நீங்கினாலோ, ஒரு நிரல் நின்றுபோகும். சிலபோது அமைப்பு முழுதையுமே புதிதாக நிறுவ வேண்டிவரும். விண்டோஸை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே, ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று வெளிப்பட அறிவித்துள்ளது.

மூன்றாவது, நெடுநாள் திறக்கப்படாத நிரல்கள். எம் செயலி, தந்தையார் பல்லாண்டுகளுக்கு முன் நிறுவிய தமிழ்த் தட்டெழுத்து நிரலொன்றனைப் பயனற்றதென்று காட்டிற்று, அதுவும் நீங்கியது. அதனோடு அதன் எழுத்துருக்களும் நீங்கின. தமிழுக்கு யூனிகோடு பரவலாக வழங்குமுன், ஒவ்வொரு நிரலும் தனக்கெனக் குறியீட்டு முறையொன்றைக் கொண்டிருந்தது. ரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்துவதே அவற்றின் உத்தி. 1999-ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010-ஆம் ஆண்டில் யூனிகோடினை ஏற்றது. அதற்கு முற்பட்ட கோப்புகள் பல இல்லங்களில் இன்றும் பழைய உருவிலேயே உறங்குகின்றன. எழுத்துரு நீங்கியதும், தந்தையாரின் இருபதாண்டுப் பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல்களாகத் தோன்றின. நல்வினைப் பயனாக அந்நிரலின் பழைய குறுந்தகடு தந்தையார் பெட்டியில் இருந்தது. அதனை மீண்டும் நிறுவியவுடன் எழுத்துகள் உயிர்பெற்றன. பழையதென்று ஒதுக்கப்பட்ட ஒன்றே இருபதாண்டு உழைப்பின் திறவுகோலாக இருந்தது.

எம்போன்ற அறியாச் சிறுவர்க்கு மட்டுமே இவ்விடர் நேரும் என்று எண்ணற்க. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10 மேம்பாட்டினால், பயனர் சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்தன. ஒரு வாரம் ஆகுமுன் மைக்ரோசாப்ட் அதனை நிறுத்தி, நவம்பர் 13-ஆம் நாளிலேயே மீண்டும் வெளியிட்டது. அழிந்தமைக்குக் காரணம் யாதெனின், ஆவணக் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றி வைத்திருந்தோர்க்கு, ஒரே பெயரில் வெற்றுக் கோப்புறைகள் இரட்டித்துத் தோன்றின. அவற்றைத் தானே நீக்குதற்கென நிரலிற் சில வரிகள் சேர்க்கப்பட்டன. அவ்வரிகள் சிலர் பொறியில் வெறுமையல்லாத பழைய கோப்புறைகளையும் உள்ளிருந்தவற்றோடு நீக்கிவிட்டன. பாதிக்கப்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் அச்சிலர்க்கு இழப்பு முழுமையானது. ஆக்கியோனே தன் வீட்டைப் பெருக்கும்போது இங்ஙனம் நேருமாயின், அயலான் துடைப்பத்தை என்னென்பது?

துடைப்பமே நஞ்சேறியதும் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 12 வரை, உலகெங்கும் பலர் பயன்படுத்திய சிகிளீனர் என்னும் செயலியின் 5.33-ஆம் பதிப்பினுள், வெளியார் புகுத்திய தீநிரல் கலந்தே விநியோகிக்கப்பட்டது. அதனை ஆக்கியோரும் முதலில் அறிந்திலர். ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் பொறிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டது. கணிப்பொறியின் எல்லா அறைகளுக்கும் திறவுகோல் தரப்பெற்ற பணியாளன்போன்றது துப்புரவுச் செயலி. அவன் கைத் திறவுகோல் கள்வனிடம் சேர்ந்தால் எவ்வறை எஞ்சும்?

அச்சத்தை விற்பனைப் பொருளாக்கியதும் உண்டு. அமெரிக்க நாட்டில் ஆபீஸ் டிப்போ என்னும் வணிக நிறுவனமும், சப்போர்ட் டாட் காம் என்னும் நிறுவனமும், வாடிக்கையாளர் பொறிகளை ஆராய்வதுபோற் காட்டி, இல்லாத நோயை உண்டெனக் கூறிப் பழுதுபார்ப்பினை விற்றன என்று அரசின் வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அவ்வாராய்ச்சியின் முடிவு, தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்ட நான்கு வினாக்களுக்கு அவர் தந்த விடையைப் பொறுத்ததேயன்றிப் பொறியின் நிலையைப் பொறுத்ததன்று என்பது ஆணையத்தின் கூற்று. 2019-ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களும் சேர்ந்து 3 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தன. எம்மை அச்சுறுத்திய செந்நிற எண்ணை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எம் பேதைமையை எண்ணி நாணினோம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வரலாறு புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில், ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்ற நிகழ்ச்சியை எழுதியுள்ளார். அங்கே கோயிலைச் சார்ந்து கிடந்த பழைய ஏடுகள் யாவும் சாத்திர விதிப்படி நெய்யில் தோய்த்து நெருப்பில் இடப்பட்டன என்பதனை அறிந்து அவர் உள்ளம் நொந்தார். எரித்தவர் தமிழ்ப் பகைவர் அல்லர். சிதைந்த ஏட்டினைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்னும் விதியைக் கருத்தோடு பின்பற்றியவரே. ஆயின் விதி பழையது என்பதனை மட்டும் கண்டது. ஏட்டினுள் இருந்தது யாதென்று காணவில்லை. ஐயரவர்கள் சில நாள் முந்திச் சென்றிருப்பின் எத்துணை நூல்கள் பிழைத்திருக்குமோ! இந்நிகழ்ச்சியை வகுப்பிற் கேட்டபோது, எரித்தவரைக் குறித்து யாம் வெகுண்டோம். எம் கையாலேயே அதனைச் செய்தபின் அவர்மீது எமக்கு வெகுளியில்லை, இரக்கமே உண்டு.

துடைப்பம் எதனை அறியும்? ஒரு கோப்பு பழையதென்பதனை அறியும், பெரியதென்பதனை அறியும், நெடுநாள் தொடப்படாததென்பதனையும், பிறிதொன்றைப் போன்றதென்பதனையும் அறியும். ஆச்சியின் குரல் நெடுநாள் தொடப்படாததற்குக் காரணம் அது பயனற்றது என்பதன்று. கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை என்பதே. இதனை எச்செயலி அறியும்? களைகளைப் பிடுங்கப் புறப்பட்ட வேலையாள்களைக் கோதுமையும் உடன்வருமென்று வீட்டெஜமான் தடுத்த உவமையை யாம் இளமை முதல் ஞாயிற்றுப் பள்ளியிற் கேட்டு வளர்ந்தோம். அதனை வயலுக்கு உரியதென்று மட்டும் எண்ணியிருந்தோம். வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தல் பொருளுடையவன் கடமை. அக்கடமையைப் பிறிதொன்றிடம் ஒப்புவித்தவன், பின்னர் அதனை நோவதிற் பயனில்லை.

ஆகலின் நண்பர்க்குச் சில கூறி முடிப்போம். துடைக்கத் தொடங்குமுன் உயிரனைய கோப்புகளுக்கு இரண்டு படிகளேனும் வேறு வேறு பொருள்களில் எடுத்து வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இல்லத்தில் இருத்தல் நன்று. அத்தைக்கு அனுப்பிய தாலாட்டு பிழைத்தது இவ்வாற்றானேயாம். டவுன்லோட்ஸ் கோப்புறை கிடங்கன்று, திண்ணை. அங்கு வந்தவற்றை உடனே உள்ளே எடுத்து வைத்துப் பெயரிடுக. இடம் வேண்டின் எவை பெரியன என்று கண்ணாற் கண்டு, ஒவ்வொன்றாகக் கையால் அழிக்க. விண்டோஸிலேயே அமைந்துள்ள துப்புரவு வசதி போதும். அதிலும் பட்டியலை முழுதும் படித்து, ஐயமுள்ளவற்றின் குறியை எடுத்துவிடுக. ரெஜிஸ்ட்ரியைத் தொடற்க. சிஸ்டம் ரெஸ்டோர் என்னும் மீட்பு வசதியை நம்பித் துணியற்க. அஃது அமைப்பினைப் பழைய நிலைக்குக் கொணருமேயன்றி அழிந்த சொந்தக் கோப்புகளைக் கொணராது. தவறிப் பிழை நேர்ந்துவிடின், அக்கணமே பொறியை நிறுத்தி அறிந்தாரை நாடுக. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அழிந்ததன்மேல் மண்ணள்ளிப் போடும்.

விடுமுறை முடியுமுன், ஆச்சியோடு பனங்காட்டில் உழைத்த மூதாட்டி ஒருவரை அடுத்த தெருவிற் கண்டு, யாம் இழந்த மூன்று மாலைகளின் செய்திகளை வினவினோம். அவர் அன்போடு பலவும் கூறினார். சில சொற்கள் ஆச்சி கூறியனவே, சில வேறு. கருப்பட்டி பதம் வந்தமையை ஆச்சி எச்சொல்லாற் கூறினார் என்பது எம் நினைவில் இல்லை. இவரும் அதனை அறிந்திலர். அச்சொல் இனி எவரிடத்தினின்று கிடைக்குமோ, அறியோம். இம்முறை அன்றிரவே அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி, மும்மடிப் படியெடுத்து, ஒன்றனை அத்தைக்கு அனுப்பிவிட்டே உறங்கச் சென்றோம். நண்பர்காள்! உங்கள் இல்லத்திலும் முதியோர் இருப்பர். அவர் குரலும் எங்கேனும் பெயரில்லாத கோப்பாக உறங்கும். துடைப்பத்தை எடுக்குமுன், அதனை எடுத்து உள்ளே வைப்பீராக.